தண்ணீர்ப் பிள்ளையின் பற்கள்

எலும்பு தேடி வருகிறவர்களை நான் நம்புவதில்லை. எங்கள் பக்கத்தில் கல்லறையை உடைத்து எலும்பை மூட்டை கட்டிக்கொண்டு போகிற கும்பல்கள் உண்டு. பெற்ற தாயின் எலும்பைப் பறிகொடுத்துவிட்டுப் பித்துப் பிடித்தவன் போல ஊர் ஊராக அலைந்தவனை நான் பார்த்திருக்கிறேன். அதனால், மஹஜாங்கா டவுனுக்குப் போகிற சாலையிலிருந்து ஒரு லாரியும் ஒரு ஜீப்பும் இறங்கி வந்து எங்கள் புல்மேட்டில் கூடாரம் போட்டபோது, ஊர் கூடிப் பேசி என்னைக் காவலுக்கு அனுப்பியது. அவர்களுக்குக் காவல் இல்லை. எங்கள் எலும்புகளுக்குக் காவல்.

வந்தவர்களுக்குத் தலைவி மேட்டுநாட்டுப் பெண். தலைநகரத்தில் படித்தவள், பேர் மியாங்காலி. மேட்டுநாட்டார் எங்களைப் போன்ற கரைநாட்டாரை எப்படிப் பார்ப்பார்கள் என்று எனக்குத் தெரியும். சந்தையில் மாட்டைப் பார்ப்பது போல, முதலில் பல்லைப் பார்ப்பார்கள். கூடவே கழுத்தெல்லாம் வெயிலில் சிவந்த ஒரு வெள்ளைக்காரர். அவருக்கு எங்கள் பேச்சு அரைகுறை. மண் வெட்ட எங்கள் ஊர் ஆட்களையே வைத்துக்கொண்டார்கள். அதில் ஒருவன் என் அக்காள் மகன் பெசாரா, வாயை மூடத் தெரியாதவன்.

முன்னோரிடம் சொல்லாமல் எங்கள் மண்ணில் கம்பி இறங்கக் கூடாது. அதைச் சொல்லலாம் என்று போனால், அந்தப் பெண் ஏற்கெனவே சாராய பாட்டிலோடு நிற்கிறாள்.

"நீங்கதான் சொல்லணும் தாத்தா. நான் சொன்னா உங்க முன்னோருக்கு என் பேச்சு புரியாது."

நான் சாராயத்தை மண்ணில் ஊற்றி, சொல்ல வேண்டியதைச் சொன்னேன். கடைசியில், "இவங்க பொய் சொல்லி வந்திருந்தா இவங்க வயிறு வீங்கட்டும்" என்றும் சேர்த்துக்கொண்டேன்.

"வீங்கட்டும்" என்றாள் அவள், முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லாமல்.

அன்றைக்கே ஒரு பெரிய எலும்பு வெளியே வந்தது. சாக்குத் துணியைக் கிழித்து, வெள்ளைச் சுண்ணாம்பு மாதிரி ஒரு குழம்பில் முக்கி, எலும்பைச் சுற்றிச் சுற்றிக் கட்டினார்கள். எங்கள் பெரியவர்களை நாங்களும் துணி சுற்றித்தான் வைப்போம்.

"இது யாரு?" என்று கேட்டேன்.

"யாருமில்ல தாத்தா, மிருகம்."

"மிருகத்துக்கு எதுக்குத் துணி?"

"உடைஞ்சிடக் கூடாதுன்னுதான். நீங்க உங்க ஆளுங்களுக்கு எதுக்குச் சுத்துறீங்க?"

"குளிருமேன்னு."

அவள் சிரிக்கவில்லை. அதைக் குறித்துக்கொண்டேன். ஆனாலும் நம்பவில்லை.

மத்தியானம் அவித்த மரவள்ளிக்கிழங்கோடு நிழலில் உட்கார்ந்தோம். அவள் உள்ளங்கையில் ஒரு பல்லை வைத்து நீட்டினாள். என் கட்டைவிரல் நீளம், தேன் நிறம், ஓரத்தில் ரம்பம் மாதிரி பொடிப்பொடி வெட்டுகள். புதிதாக ஒன்றுமில்லை. மழை பெய்து மண் கரைந்தால் அந்த மேட்டில் இது கிடக்கும். நாங்கள் முதலைப் பல் என்று நினைத்துக் காலால் தள்ளிவிட்டுப் போவோம்.

"இது முதலை இல்ல. கறி தின்னுற பெரிய மிருகம். ரெண்டு காலுல நடக்கும். உங்க டவுனோட பழைய பேரத்தான் அதுக்கு வெச்சிருக்கு, மஜுங்காசாரஸ்னு."

"அப்போ ஊர் வரி கட்டச் சொல்லுங்க" என்றான் பெசாரா.

"எவ்வளவு பெரிசு?" என்றேன்.

"அந்த லாரி நீளம். நெத்தியில ஒரு குமிழ். கை மட்டும் குட்டியூண்டு, ஒண்ணுக்கும் உதவாது."

"வாய் பெரிசு, கை உதவாது. டேய் பெசாரா, உன் பாட்டன் எலும்புடா இது."

"என் பாட்டன் உங்க அப்பாதானே மாமா."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்திருப்பேன், வாயில் கிழங்கு இருந்தது.

பிறகு அவள் ஒரு விலா எலும்பைக் கொண்டுவந்து காட்டினாள். அதன் மேல் வரிசையாகக் கீறல்கள். பல்லின் ரம்ப ஓரத்தைக் கீறலின் மேல் வைத்தாள், கச்சிதமாகப் பொருந்தியது. அந்தக் காலத்தில் இந்தப் பக்கம் இருந்த வேறு எதன் பல்லும் அந்தக் கீறலுக்குப் பொருந்தவில்லையாம். விலா எலும்பும் அதே மிருகத்தினுடையதாம்.

"தன் இனத்தையே தின்னுச்சா?"

"தின்னிருக்கு."

"சரி, இந்த மேடு பூரா பல்லாக் கெடக்கே. அத்தனை மிருகமா இங்க செத்துச்சு?"

"சாகல தாத்தா. பல்லு தானா விழும். அடியில புதுசு முளைச்சுத் தள்ளும், பழசு விழுந்துடும். ஒவ்வொரு பல்லும் ரெண்டு மாசம் தாங்கினாப் பெரிசு. சாகற வரைக்கும் விழுந்து விழுந்து முளைச்சுக்கிட்டே இருக்கும்."

"நீ பக்கத்துல இருந்து பார்த்தியா?"

"பல்லை அறுத்தா உள்ள மெல்லிசா கோடு இருக்கும், மரத்துல வளையம் இருக்கற மாதிரி. ஒரு நாளைக்கு ஒரு கோடு. எண்ணியிருக்காங்க."

"எவனோ எண்ணியிருக்கான்" என்று சொல்லிவிட்டுத் துண்டை உதறி எழுந்தேன்.

வீட்டுக்கு வந்தபோது என் மனைவி வுலாசாரா வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். அவள் அதிகம் பேசுகிறவள் இல்லை. நானும் அப்படித்தான். ஆனால் அன்றைக்குச் சொல்ல விஷயம் இருந்தது. மிருகத்தின் குமிழையும் கையையும் சொன்னேன். தன் இனத்தைத் தின்றதைச் சொன்னேன். முறம் நின்றுவிட்டது.

"தன் பிள்ளையையா?" என்றாள்.

"பிள்ளையோ பங்காளியோ, யாரு கண்டா? பல்லுத் தடம் இருக்கு."

"அந்தத் தேன் நிறப் பல்லா?"

"அதேதான். மேடு பூராக் கெடக்குதே, அது தானா விழுமாம், திரும்ப முளைக்குமாம். அந்த மேட்டுநாட்டுக்காரி கதை அளக்கறா."

"வலிக்காம விழுமா?"

"அதை நான் கேக்கல. எதுக்கு உனக்கு?"

நாளைக்கு எங்கே வெட்டுவார்கள் என்று மட்டும் கேட்டாள். கீழே, விசிறிப்பனைகள் நிற்கிற ஓடைப்பள்ளத்துப் பக்கம் போகிறார்கள் என்றேன். முறத்திலிருந்த அரிசியில் பாதி மண்ணில் கொட்டியது. கோழிகள் ஓடி வந்தன. அவள் விரட்டவில்லை.

மறுநாள் ஓடைப்பள்ளத்தில் மியாங்காலியின் குரல் கேட்டது. அந்தப் பெண் அப்படிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. வெள்ளைக்காரர் தொப்பியைப் பிடித்துக்கொண்டு ஓடினார். நானும் போனேன்.

பனையடியில், எப்போதும் ஈரமாகவே இருக்கிற ஒரு சின்ன இடம். அங்கே பற்கள். ஒன்றிரண்டு இல்லை, ஒரு கூடை தேறும், ஒரு பாய் அகல இடத்தில் நெருக்கி நெருக்கிக் கிடந்தன. பாதி மண்ணுக்குள், பாதி வெளியே.

"ஒரே இடத்துல இத்தனை பல்லு நான் பார்த்ததே இல்ல தாத்தா. ஏதோ பெரிய உடம்பு இங்க விழுந்து, அதைச் சுத்தி நின்னு தின்னிருக்கணும். தின்னும்போதுதான் பல்லு கொட்டும். அந்த உடம்பு கீழ இருக்கணும்."

"பெரிய விருந்து மாமா" என்றான் பெசாரா.

மேலாகத் தூரிகையால் தட்டிப் பார்த்துவிட்டு, நான்கு பக்கமும் முளை அடித்து நூல் கட்டினார்கள். நாளைக் காலையில் வெட்டு.

நான் அங்கேயே நின்றேன். பற்களுக்கு நடுவில் ஒரு தட்டைக் கல். அந்தக் கல் எனக்குத் தெரியும். நான் வைத்தது.

எங்கள் வழக்கத்தைச் சொல்ல வேண்டும். பல் முளைக்கும் முன்னே போய்விட்ட பிள்ளையை நாங்கள் கல்லறையில் சேர்ப்பதில்லை. அதன் எலும்பு இன்னும் கெட்டியாகவில்லை, அது இன்னும் தண்ணீர்தான். ஈரமான இடமாகப் பார்த்து மண்ணுக்குக் கொடுத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வந்துவிட வேண்டும். அழக் கூடாது. அடையாளம் வைக்கக் கூடாது. பெற்றவள் கூட வரக் கூடாது. மீறினால் அடுத்த பிள்ளை தங்காது என்பார்கள்.

எங்கள் முதல் பிள்ளை பெண். மழை பொய்த்த வருஷம். வுலாசாராவுக்குப் பால் வற்றிப் போனது. கஞ்சித் தண்ணீரை விரலால் தொட்டு வைத்துப் பார்த்தோம். பிறகு நான் இந்தப் பனையடிக்குத் தூக்கிக்கொண்டு வந்தேன். நாய் தோண்டிவிடுமே என்று ஒரு கல்லை மட்டும் மேலே வைத்தேன். அது அடையாளமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பின்னால் பிறந்ததெல்லாம் பிழைத்து, இப்போது மஹஜாங்காவில் பிள்ளைகுட்டியோடு இருக்கின்றன. அந்தப் பிள்ளையைப் பற்றி நானும் அவளும் ஒரு சொல் பேசியதில்லை.

குனிந்து பார்த்தேன். சில பற்கள் பாசி பிடித்து மண்ணோடு மண்ணாக இருந்தன. சில இந்த வருஷத்து மழைக்குப் பிறகு வந்தவை, கழுவித் துடைத்தது போலிருந்தன. ஒவ்வொன்றும் கூர் மேல் நோக்கி நட்டு வைத்திருந்தது, ஈறிலிருந்து முளைக்கிற மாதிரி. தண்ணீர் அடித்துக்கொண்டு வந்து போட்டால் எந்தப் பல்லும் அப்படி நிற்காது. விறகுக்குப் போய்விட்டு வரும்போது அவள் இடுப்புத் துணியின் நுனியில் எப்போதும் ஒரு சின்ன முடிச்சு இருக்கும். நான் ஒரு நாளும் என்ன என்று கேட்டதில்லை.

வெயில் இருக்கும்போதே வீட்டுக்குப் போய்விட்டேன். அவள் அடுப்படியில், அடிப்பிடித்த சோற்றுப் பானையில் தண்ணீர் ஊற்றிக் கொதிக்க வைத்துக்கொண்டிருந்தாள். எனக்குச் சுற்றி வளைக்கத் தெரியாது.

"பனையடியில நூல் கட்டிட்டாங்க" என்றேன்.

அவள் அகப்பையால் பானையைக் கிளறினாள். "நான் போட்டதுதான்" என்றாள்.

"தெரியுது."

"பல்லு இல்லேன்னுதானே அவளைப் பெரியவங்ககூடச் சேர்க்கல. விறகுக்குப் போனப்ப நீ வெச்ச கல்லைப் பார்த்து எடத்தைக் கண்டுக்கிட்டேன். நான் பல்லு குடுத்தேன். கெடைக்கறப்பல்லாம் ஒண்ணு. எதோட பல்லுன்னு எனக்கென்னய்யா தெரியும்? பல்லுன்னா பல்லுதானேன்னு இருந்தேன்."

"ஊருக்குத் தெரிஞ்சா என்ன சொல்லும்?"

"அடுத்த பிள்ளை தங்காதுன்னு சொல்லுவாங்க. இந்த வயசுல சொல்லிட்டுப் போறாங்க." சிரித்தாளா என்று தெரியவில்லை, புகையில் முகம் தெரியவில்லை. "நேத்துதான்யா பயந்துட்டேன். தன் இனத்தையே தின்னதுன்னு சொன்னியே. அதோட பல்லையா எம்புள்ளைக்குக் குடுத்தோம்னு ஒரு பொட்டுத் தூக்கமில்ல. இன்னொண்ணும் சொன்னே, தானா விழும்னு. அதைப் பிடிச்சுக்கிட்டுக் கெடந்தேன். புடுங்கினது இல்ல, செத்ததோடது இல்ல. விழுந்தது, அவ்வளவுதான். இல்லையாய்யா?"

"அப்படித்தான் சொன்னா அந்தப் பொண்ணு."

"அவ சொல்றது நிசமா?"

யார் சொல்வதையும் நம்பாதவனிடம் அவள் இதைக் கேட்டாள். "நிசம்" என்றேன்.

"வெட்ட விடாதய்யா" என்றாள்.

காலையில் அவர்களுக்கு முன்னே போய், நூல் கட்டின சதுரத்துக்குள் கல்லின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். மியாங்காலி வந்தாள், பின்னால் மண்வெட்டியோடு பெசாரா, வெள்ளைக்காரர்.

"தாத்தா, அங்க உக்காரக் கூடாது, பல்லு உடைஞ்சிடும். எந்திரிங்க."

"மாட்டேன்."

"மாமா, முட்டி பிடிச்சிருச்சா? தூக்கி விடவா?" என்றான் பெசாரா.

"தொட்டே, கையை ஒடிப்பேன்." பிறகு அந்தப் பெண்ணைப் பார்த்துச் சொன்னேன். "கீழ உடம்பு இருக்கும்னு சொன்னியே, இருக்கு. என் மகள்."

அந்தச் சொல்லை நான் அதுவரை வாயால் சொன்னதில்லை. பெசாரா மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டான். நான் மீதியையும் சொன்னேன். பால் வற்றினது, பல் முளைக்காதது, வுலாசாராவின் இடுப்பு முடிச்சு. சுருக்கமாகத்தான் சொன்னேன்.

மியாங்காலி நூலுக்கு வெளியே மண்டியிட்டாள். ரொம்ப நேரம் பற்களைப் பார்த்தாள். "நேத்தே ஒரு மாதிரி இருந்துச்சு. நெறம் ஒண்ணுக்கொண்ணு சேரல. சிலது மேட்டு மேல இருக்கற பாறையோடது. தண்ணி உருட்டிட்டு வந்திருக்கும்னு எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கிட்டேன். கூர் எல்லாம் மேல பார்த்திருக்கறதைப் பார்க்கணும்னு தோணல. விருந்து கெடைச்சிருச்சேன்னு ஆசை."

அவள் வெள்ளைக்காரரிடம் அவர்கள் பேச்சில் சொன்னாள். அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். பிறகு குனிந்து முளைகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி நூலைச் சுருட்டினார். என்ன நினைத்தார் என்று எனக்குத் தெரியாது. முளையைப் பிடுங்கினார், எனக்கு அது போதும்.

அப்போது வுலாசாரா வந்துவிட்டாள். பகல் வெளிச்சத்தில், எல்லோர் எதிரிலும், பள்ளத்தில் இறங்கி வந்தாள். நான் எழுந்து கை கொடுத்தேன்.

மியாங்காலியின் கண் கல்லின் மேல் நின்றுவிட்டது. கல்லின் மேலிருந்த சின்னக் குழியில், மண் அப்பி, நேற்று யார் கண்ணிலும் படாத ஒரு பல் தனியாக இருந்தது, அரிசியைவிடக் கொஞ்சம் பெரிது. "எடுக்கலாமா பாட்டி?" என்று கேட்டாள். என் மனைவி தலையசைத்தாள். அந்தப் பெண் அதை உள்ளங்கையில் வைத்து, சின்னக் கண்ணாடி வழியாகப் பார்த்தாள்.

"இது குட்டியோட பல்லு. இந்த அளவுல ஒண்ணு கெடைக்காதான்னு இத்தனை வருஷமா சலிச்சுட்டிருக்கேன்."

நான் அவள் விரல்களையே பார்த்தேன். மூடினால் அவள் யார் என்று எனக்குத் தெரிந்துவிடும்.

"அது அவ வாய்க்குச் சரியா இருக்கும்னு நடுவுல வெச்சேன்" என்றாள் வுலாசாரா. "அந்தக் குட்டி செத்துப் போச்சா?"

"இல்ல பாட்டி. பாருங்க, இதுல வேர் இல்ல. செத்திருந்தா வேரோட இருக்கும். அடியில வேற பல்லு முளைச்சுத் தள்ளிவிட்டிருக்கு. இது விழுந்தப்புறமும் அந்தக் குட்டி நடந்து போயிருக்கு."

"வளர்ந்துச்சா?"

"அன்னைக்கு வளர்ந்துட்டுதான் இருந்துச்சு."

என் மனைவி அதை ஒரு தரம் தனக்குள் சொல்லிப் பார்த்தாள். உதடு அசைந்தது. பிறகு கேட்டாள்: "அது தன் இனத்தையே தின்னதுங்கிறாரே இவரு."

மியாங்காலி என்னை ஒரு பார்வை பார்த்தாள். "தின்னது நிசம். கொன்னு தின்னுச்சா, செத்துக் கெடந்ததைத் தின்னுச்சான்னு எலும்பு சொல்லாது பாட்டி. ஆனா மண்ணு ஒண்ணு சொல்லுது. அப்பவும் இங்க மழை பொய்க்கும். ஓடை காஞ்சு, மிருகமெல்லாம் கூட்டங்கூட்டமாச் செத்திருக்கு. வேற ஒண்ணும் கெடைச்சிருக்காது."

"பசியா?" என்றாள் வுலாசாரா.

"பசியாத்தான் இருக்கணும்."

"பசின்னா சரி. பசின்னா எனக்குத் தெரியும்."

அவள் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். கல்லின் மேல் கையை வைத்துக்கொண்டு அழுதாள். வழக்கத்துக்கு விரோதம்தான். நான் தடுக்கவில்லை, பக்கத்தில் உட்கார்ந்தேன். பெசாரா எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, மேட்டிலிருந்து யாரும் இறங்கிவிடாதபடி வழியில் நின்றான்.

கொஞ்ச நேரம் போனபின் மியாங்காலி அந்தச் சின்னப் பல்லை என் மனைவியின் கையில் வைத்தாள். "படம் மட்டும் எடுத்துக்கட்டுமா? இங்க, உங்க கையிலேயே."

"எடுத்துக்கோ. கையைக் கழுவிட்டு வரவா?"

"வேண்டாம் பாட்டி. மண்ணோட இருக்கட்டும்."

எடுத்தாள். வுலாசாரா பல்லைத் திரும்பக் கல்லின் மேல் வைத்தாள், கூர் மேல் நோக்கி. அன்றைக்கே கூடாரத்தைப் பெயர்த்து மேட்டுக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய்ப் போட்டார்கள்.

ஊர் கேட்கும் என்று நான் பதில் தயார் செய்து வைத்திருந்தேன். யாரும் கேட்கவில்லை. வாயை மூடத் தெரியாதவன் என்று பெசாராவைப் பற்றி மேலே சொன்னேன். அதைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். லாரி புறப்பட்ட அன்று மியாங்காலி என்னிடம் வந்து, "வயிறு வீங்கல தாத்தா" என்றாள். "இன்னும் நாள் இருக்கு" என்றேன்.

பிறகு மழை வந்தது. மேட்டில் சிவப்பு மண் கரைந்து ஓடி, நடுவில் வெள்ளைப் பாறை தெரிய ஆரம்பித்தது. மழை விட்ட ஒரு காலையில் வுலாசாரா விறகுக்குக் கிளம்பினாள். நானும் துண்டை எடுத்துப் போட்டுக்கொண்டேன்.

"நீ எங்கய்யா?"

"சும்மாதான்."

மேட்டில் இருவரும் குனிந்து குனிந்து நடந்தோம். எனக்குக் கண் சரியில்லை. ஒன்றை எடுத்துக் காட்டினேன்.

"அது கல்லுய்யா."

இன்னொன்றை எடுத்தேன்.

"அதுவும் கல்லு. பல்லுக் காவலுக்குப் போன ஆளைப் பாரு."

மூன்றாவதைக் காட்டக் கூச்சமாக இருந்தது. சேற்றைத் துடைத்து, ஓரத்தை நகத்தால் உரசிப் பார்த்தேன். ரம்ப வெட்டு இருந்தது. அடியில் வேர் இல்லை. அவளிடம் நீட்டினேன். அவள் வாங்கி, ஈரத்தை இடுப்புத் துணியில் ஒற்றி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். முடிச்சில் போட்டுக்கொள்வாள் என்று நினைத்தேன். என் கையிலேயே திரும்ப வைத்து, விரல்களை மூடிவிட்டாள்.

"நீயே கொண்டுபோய் வை" என்றாள்.